குழுவில் படம் போடுவது எப்படி? தோட்டத்திலும் கட்டுத்தறியிலும் இருந்து வரும் கேள்விகள்

தென்னைக்கு ஒரு குழு, மஞ்சளுக்கு ஒரு குழு, மாட்டுக்கு ஒன்று, ஒறம்பரைக்கு (சொந்தக்காரர்களுக்கு) ஒன்று என்று எல்லார் ஃபோனிலும் குழுக்கள் நிரம்பிவிட்டன. காங்கயம், தாராபுரம் பக்கத்து விவசாயக் குழுக்களுக்கு நான் அட்மின். புதிதாகச் சேர்பவர்கள் தனியாகக் கூப்பிட்டுக் கேட்பதை இங்கே மொத்தமாக எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் வாட்ஸ்அப், இடையிடையே ஃபேஸ்புக், டெலிகிராம். ஃபோனுக்கு ஃபோன் பட்டன்கள் கொஞ்சம் இடம் மாறியிருக்கும். பார்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோ எடுக்கத் தெரியுங்க. அதைக் குழுவுக்குள்ள எப்படிப் போடறது?

குழுவைத் திறந்தால் அடியில் எழுதும் கட்டம் இருக்கும். அதை ஒட்டி, ஆண்ட்ராய்டு ஃபோனில் பேப்பர் கிளிப் குறி, ஐபோனில் கூட்டல் குறி. அதைத் தொட்டு கேலரி அல்லது ஃபோட்டோஸ் என்பதற்குள் போனால் உங்கள் ஃபோனில் உள்ள படங்கள் வரிசையாக வரும். வேண்டியதைத் தொடுங்கள். படம் பெரிதாகத் திறந்து, கீழே கேப்ஷன் எழுத இடம் வரும். கேள்வியை அங்கே எழுதிவிட்டுப் பச்சை அம்பைத் தொட்டால் போய்விடும்.

அந்தக் கேப்ஷனை மட்டும் தாண்டிப் போகாதீர்கள். படத்தை அனுப்பிவிட்டுக் கேள்வியைத் தனியாக அடித்துக்கொண்டிருந்தால், அதற்குள் இரண்டு பேர் காலை வணக்கமும் ஒருவர் வெங்காய விலையும் போட்டிருப்பார்கள். படம் மேலே ஏறிப் போயிருக்கும், கேள்வி கீழே தனியாக நிற்கும். எந்தப் படத்துக்கு எந்தக் கேள்வி என்று தேடிப் பார்த்துப் பதில் சொல்ல யாருக்கும் பொறுமை இல்லை.

நாலைந்து படம் இருந்தால் முதல் படத்தை அழுத்திப் பிடித்து, மற்றவற்றையும் தொட்டுத் தேர்ந்தெடுத்து, ஒரே தடவையில் அனுப்புங்கள். ஒவ்வொன்றாக அனுப்பினால் குழுவில் உள்ள அத்தனை பேர் ஃபோனும் விட்டு விட்டு மணி அடிக்கும்.

கேமரா குறியும் இருக்குதே, அதிலேயே எடுத்து அனுப்பலாமா?

அவசரத்துக்கு அனுப்பலாம். ஆனால் ஃபோனின் சொந்தக் கேமராவில் எடுத்து, பார்த்து, நன்றாக வந்ததை மட்டும் அனுப்புவதுதான் நல்லது. படமும் தெளிவாக இருக்கும், அசலும் உங்களிடம் தங்கும்.

தமிழில் அடிக்க வரவில்லை. பேசி அனுப்பினால் ஆகாதா?

ஆகும். கீபோர்டில் தமிழைச் சேர்த்துவிட்டால் அதிலேயே ஒரு மைக் குறி வரும். அதைத் தொட்டுப் பேசினால் தமிழ் எழுத்தாக விழும். நம்ம ஊர்ப் பேச்சில் வேகமாகப் பேசினால் கொஞ்சம் தப்பாகத்தான் விழும். நிறுத்திப் பேசி, அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். வாய்ஸ் மெசேஜாகவும் அனுப்பலாம், தப்பில்லை. ஆனால் பதில் தெரிந்தவர் பஸ்ஸில் இருப்பார், ஆபீசில் இருப்பார், இரண்டு நிமிடம் காதில் வைத்துக் கேட்க மாட்டார். எழுதியிருந்தால் ஒரு பார்வையில் படித்துவிடுவார்.

படத்தை வேறு குழுவில் போட்டுவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதற வேண்டாம். அந்தப் படத்தை அழுத்திப் பிடித்து, மேலே வரும் குப்பைத்தொட்டி குறியைத் தொடுங்கள். 'டெலிட் ஃபார் எவ்ரிஒன்', 'டெலிட் ஃபார் மீ' என்று இரண்டு வரும். முதலாவதுதான் எல்லார் ஃபோனிலும் நீக்கும். இரண்டாவதைத் தொட்டால் உங்கள் கண்ணுக்கு மட்டும் மறையும், மற்றவர்கள் நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கை தவறி இரண்டாவதைத் தொட்டுவிட்டால் கீழே சில விநாடிகளுக்கு 'அன்டூ' என்று தெரியும். உடனே தொட்டால் படம் திரும்ப வரும், பிறகு சரியாக நீக்கலாம்.

எல்லாருக்குமாக நீக்க ஏறக்குறைய இரண்டரை நாள் வரை அவகாசம் உண்டு. அதற்குமேல் ஆகிவிட்டால் அட்மினைக் கேளுங்கள். அவசரத்திலும் அவரையே கேட்கலாம், குழுவில் யார் போட்டதையும் நீக்க அட்மினுக்கு வழி இருக்கிறது. ஒன்று மட்டும் நினைவில் இருக்கட்டும். அதற்குள் யாராவது படத்தைச் சேமித்திருந்தாலோ வேறு இடத்துக்கு அனுப்பியிருந்தாலோ அது போனது போனதுதான். ஐபோன் வைத்திருப்பவர்களின் படத்தொகுப்பில் தானாகச் சேமிப்பாகியிருந்தாலும் அங்கே அப்படியே இருக்கும்.

என் ஃபோனில் பளிச்சென்று இருக்கிறது, குழுவில் மங்கலாகத் தெரிகிறது. ஏன்?

சாதாரண ஃபோன் கேமராவே 12 மெகாபிக்சல் படம் எடுக்கும். அதாவது அகலத்தில் 4000 புள்ளிகள், உயரத்தில் 3000 புள்ளிகள். வாட்ஸ்அப் அதை அப்படியே அனுப்பாது. டேட்டாவை மிச்சப்படுத்த, நீளமான பக்கத்தைச் சுமார் 1600 புள்ளிகளுக்குக் குறைத்து, அதற்குமேல் அழுத்தியும் விடும். கல்யாணப் படத்துக்கு இது போதும். இலைக்கு அடியில் இருக்கும் பூச்சியின் முட்டைக்குப் போதாது.

இதற்கு இரண்டு வழி. படத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மேலே 'எச்டி' என்று ஒரு குறி இருக்கும், 2023-ல் வந்தது. அதைத் தொட்டு அனுப்பினால் தெளிவு நன்றாகவே கூடும். அதுவும் போதாதென்றால் கேலரி வழியாகப் போகாமல் டாக்குமென்ட் வழியாக அனுப்புங்கள். ஒரு புள்ளிகூடக் குறையாமல் அசல் அப்படியே போகும். டெலிகிராமில் இதையே 'ஃபைல்' என்று அனுப்ப வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. குழுவிலிருந்து எடுத்து வேறு குழுவில் போட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவர் போட்டால், ஒவ்வொரு முறையும் படம் புதிதாக அழுத்தப்படும், ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தேயும். நாலு கை மாறிய படத்தில் நோயைக் கண்டுபிடி என்றால் பல்கலைக்கழகப் பேராசிரியராலும் முடியாது. அசல் யாரிடம் இருக்கிறதோ அவரையே அனுப்பச் சொல்லுங்கள்.

தென்னையில் ஏதோ நோய். எந்த மாதிரி போட்டோ போட்டால் சரியான பதில் வரும்?

இந்தக் கேள்விக்குத்தான் நீளமான பதில். குழுவில் வரும் நோய்ப் படங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். தூரத்தில் ஒரு மரம், பின்னால் வெயில் அடிக்கும் வானம், ஓலை கருப்பாக. கீழே 'மருந்து சொல்லுங்க' என்று ஒரு வரி. இதைப் பார்த்து மருந்து சொல்பவர் யாராவது இருந்தால், அவர் சொல்வதைக் கேட்காமல் இருப்பதே உங்களுக்கு லாபம்.

பார்க்கிறவருக்கு மூன்று விதமான படம் வேண்டும். முதலாவது, மரம் முழுவதும் தெரிகிற படம், பக்கத்து மரங்களோடு சேர்த்து. ஒரு மரத்துக்கு மட்டுமா, வரிசை முழுக்கவா, வாய்க்கால் ஓரத்து மரங்களுக்கு மட்டுமா என்பது இதில்தான் தெரியும். இரண்டாவது, பாதித்த பகுதி மட்டும்: கொண்டை, அடி ஓலை, குலை என்று எதுவோ அது. மூன்றாவது, கிட்டப் போய் எடுத்த படம். பூச்சியோ புள்ளியோ திட்டோ கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு.

மஞ்சளாவது அடி ஓலையா குருத்தா என்பது படத்தில் தெரிந்தே ஆக வேண்டும். தழைச்சத்தோ சாம்பல் சத்தோ குறைந்தால் முதலில் பழைய ஓலையில் காட்டும். இரும்பு குறைந்தால் புது ஓலையில் காட்டும். வெறும் மஞ்சள் ஓலையை வெட்டிக் கீழே போட்டுப் படம் எடுத்தால் இந்த விவரமே காணாமல் போய்விடும்.

சுருள் வெள்ளை ஈ என்று சந்தேகம் இருந்தால் ஓலையைத் திருப்பி அடிப்பக்கத்தை எடுங்கள். இந்தியாவில் இந்த ஈ 2016-ல் முதலில் பதிவானதே நம்ம பொள்ளாச்சிப் பக்கம்தான், அதனால் பார்த்துப் பழகிய கண்கள் இங்கே நிறைய உண்டு. அடிப்பக்கத்தில் வெள்ளைப் பொடியோடு சுருள் சுருளாக முட்டை வைத்திருக்கும். மேல்பக்கத்தில் கரி பூசியது போலக் கரும்பூசணம் படர்ந்திருக்கும். கீழே வாழையோ ஊடுபயிரோ இருந்தால் அதன் இலையையும் ஒரு படம் எடுங்கள், ஈ விடுகிற பிசின் அதன்மேலும் சொட்டியிருக்கும். அடிப்பக்கப் படம் தெளிவாக இருந்தால் என்கார்சியா என்ற ஒட்டுண்ணிக் குளவி தோப்பில் இருக்கிறதா என்பதைக்கூடத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுவார்கள். அது இருக்கிற தோப்பில் மருந்து அடித்தால் ஈயோடு சேர்த்து நமக்கு வேலை செய்கிற குளவியையும் கொன்றுவிடுவோம். ஒரு நல்ல படம் ஒரு டேங்க் மருந்துச் செலவை மிச்சப்படுத்துகிற இடம் இது.

தென்னையில் வேர்வாடல் நோய் என்றால் கிட்டப் போன படம் உதவாது. கீற்றுகள் தொய்ந்து உள்நோக்கி வளைந்திருக்கிறதா என்று பார்க்க, பக்கவாட்டில் நின்று கொண்டை முழுவதையும் எடுக்க வேண்டும். காயைத் தாக்கும் சிலந்திப் பேன் என்றால் இளங்காயைப் பறித்து, காம்புப் பக்கத் தொப்பிக்குக் கீழே முக்கோணமாகத் தொடங்கும் திட்டைக் காட்ட வேண்டும். மஞ்சள் வெள்ளாமையில் கிழங்கு அழுகலுக்கு இலையை மட்டும் காட்டிப் பயனில்லை. ஒரு தூரைப் பிடுங்கி, மண்ணைக் கழுவி, கிழங்கைக் குறுக்கே வெட்டி எடுங்கள்.

கேப்ஷனில் இவ்வளவு இருந்தால் போதும்: என்ன ரகம், எத்தனை வயசு, எந்த ஊர்ப் பக்கம், என்ன மண், தண்ணீர் எப்படி, எத்தனை நாளாக இப்படி, இதுவரை என்ன போட்டீர்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறைப்பார்கள். உரக்கடையில் கொடுத்ததை அடித்துவிட்டு அது தெரியக் கூடாதென்று நினைப்பார்கள். களைக்கொல்லி பட்டுக் கருகிய இலையை நோய் என்று காட்டினால் எல்லாரும் நோயைத்தான் தேடுவார்கள்.

பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். "ஏன் அப்படிச் சொல்றீங்க, படத்தில் எதைப் பார்த்துச் சொல்றீங்க?" என்று திருப்பிக் கேளுங்கள். காரணம் சொல்கிறவரை மட்டும் கணக்கில் எடுங்கள். செலவு பெரிதென்றால் அந்தப் படங்களோடு மாதிரியையும் எடுத்துக்கொண்டு ஆழியாறு நகர் தென்னை ஆராய்ச்சி நிலையத்துக்கோ அருகில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்கோ போய்விடுவது நல்லது. கிசான் கால் சென்டர் எண் 1800 180 1551, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கிட்டப் போனால் படம் கலங்கிவிடுகிறது.

லென்ஸைத் துடைத்தீர்களா? சிரிக்காதீர்கள், பாதி ஃபோனில் கோளாறே அதுதான். தோட்டத்து வேலையில் எண்ணெய், மண், வேர்வை எல்லாம் அந்தச் சின்னக் கண்ணாடியில் ஏறியிருக்கும். வேட்டி நுனியால் மெதுவாகத் துடையுங்கள்.

சாதாரண ஃபோன் கேமரா ரொம்பக் கிட்டப் போனால் சரியாகப் பார்க்காது. ஒரு சாண் தள்ளி நின்று, திரையில் பூச்சி இருக்கும் இடத்தை விரலால் தொட்டு, அது தெளிந்த பிறகு எடுங்கள். விரலை விரித்து ஜூம் செய்யாதீர்கள், பெரும்பாலான ஃபோன்களில் அது படத்தை வெட்டிப் பெரிதாக்கும் வேலைதான். எடுத்த பிறகு தேவையான பகுதியை நீங்களே கிராப் செய்துகொள்ளலாம். இலைக்குப் பின்னால் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் கேமரா பின்னால் இருக்கும் மரத்தைப் பார்க்காது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் பூச்சியின் அளவும் தெரிந்துவிடும்.

உச்சி வெயிலில் எடுக்க வேண்டாம். காலையில் எட்டு ஒன்பது மணிக்கோ சாயங்காலம் பொழுதோடவோ, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி நின்று எடுங்கள். காற்று அடித்தால் ஓலையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும்.

மாடு விற்க வேண்டும். எத்தனை போட்டோ, எப்படி எடுக்க?

கட்டுத்தறிக்குள் இருட்டில், சாணத்துக்கு நடுவில், முக்கால் மாடு மட்டும் தெரிகிற படத்தைப் போட்டால் பழையகோட்டை சந்தையில் கேட்கிற விலைகூடக் கிடைக்காது. மாட்டைச் சமதளத்தில் நிறுத்துங்கள், நான்கு காலும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். நின்றுகொண்டே எடுத்தால் மாடு குட்டையாகத் தெரியும். அதனால் உட்கார்ந்து, கேமரா மாட்டின் நடுவயிற்று உயரத்துக்கு வரும்படி பக்கவாட்டில் ஒன்று எடுங்கள். அப்புறம் முகமும் கொம்பும் நேராக ஒன்று, பின்பக்கம் ஒன்று, கறவை என்றால் மடி ஒன்று. வாங்குகிறவர் பல்லும் சுழியும் கேட்பார், அதையும் முன்னாடியே போட்டுவிட்டால் பத்து ஃபோன் குறையும். நடக்கவிட்டு எடுத்த அரை நிமிட வீடியோ எல்லாவற்றையும் விட நல்லது. நொண்டல் இருந்தால் தெரிந்துவிடுமே என்றால், தெரியத்தான் வேண்டும்.

காங்கயம் கன்றுக்குப் படம் எடுத்த மாதத்தையும் எழுதுங்கள். பிறக்கும்போது செவலையாக இருக்கும் கன்று ஆறு மாதம் வாக்கில் மயிலை (சாம்பல்) நிறத்துக்கு மாறிவிடும். தை மாதத்துச் செவலைக் கன்றின் படத்தைப் பார்த்து ஆடியில் வருகிறவர், "நான் பார்த்த கன்று இது இல்லீங்களே" என்பார். அந்தியூர் குருநாதசாமி கோவில் தேர்ச்சந்தைக்கு முன்னால் இந்தக் கூத்து நிறைய நடக்கும்.

விலையைப் போடுங்கள். 'விலை நேரில்' என்று போடுவதை நான் அட்மினாக இருக்கும் குழுக்களில் அனுமதிப்பதில்லை. ஃபேஸ்புக்கின் மார்க்கெட்ப்ளேஸ் பகுதியில் உயிருள்ள விலங்குகளை விற்கவே அனுமதி கிடையாது, அங்கே போட்டால் நீக்கிவிடுவார்கள்.

மாட்டைப் பார்க்காமலேயே "முன்பணம் போடுகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்க, பின் நம்பர் போடுங்க" என்று யாராவது சொன்னால் பேச்சை நிறுத்திவிடுங்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. பின் போட்டால் உங்கள் கணக்கிலிருந்துதான் போகும். போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் குழுவில் படம் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். 1962-க்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி பற்றிச் சொல்வார்கள். தோலில் கட்டி கட்டியாக இருந்தால் படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்ட உதவும். மாட்டை மட்டும் மற்றவற்றிடமிருந்து பிரித்துக் கட்டுங்கள்.

எங்க அப்பாரு கல்யாண போட்டோவை ஒறம்பரைக் குழுவில் போடணும். பிரேமுக்குள் இருக்கிறது.

பிரேமிலிருந்து எடுக்க முடிந்தால் எடுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்காதீர்கள், படத்தின் மேல்தோல் கிழிந்துவிடும். அப்படியே எடுத்துக்கொள்ளலாம். வாசல் திண்ணையிலோ ஜன்னல் பக்கமோ நிழலான வெளிச்சத்தில் படுக்கவைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். ஃபிளாஷ் கூடாது. கண்ணாடியில் உங்கள் முகமே தெரிந்தால் கருப்புத் துணி ஒன்றைப் பின்னால் பிடிக்கச் சொல்லுங்கள். கூகுளின் ஃபோட்டோஸ்கேன் என்ற இலவச ஆப் பல கோணங்களில் எடுத்து ஒன்றுசேர்த்து அந்தப் பளபளப்பை நீக்கிவிடும், நன்றாகவே வேலை செய்கிறது.

பிரேம் இல்லாத சின்னக் கருப்பு வெள்ளைப் படம் என்றால் டவுனில் ஸ்கேன் செய்யக் கொடுங்கள். '600 டிபிஐ' என்று கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் ஆவணங்களுக்கு வைக்கிற குறைந்த அளவிலேயே செய்து கொடுத்துவிடுவார்கள். படத்தில் இருப்பவர்களின் பெயரை இடமிருந்து வலமாகக் கேப்ஷனில் எழுதிவிடுங்கள். பெரியவர்களைக் கேட்டு எழுத இதைவிட நல்ல சமயம் வராது.

ஐபோனில் எடுத்து அனுப்பியதைக் கம்ப்யூட்டரில் திறக்க முடியவில்லை என்கிறார்கள்.

2017-லிருந்து ஐபோன்கள் ஹெய்க் என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. சாதாரணமாக வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதுவே மாற்றிக்கொள்ளும். டாக்குமென்டாகவோ மெயிலிலோ அனுப்பினால்தான் பழைய கம்ப்யூட்டர்கள் முரண்டு பிடிக்கும். செட்டிங்ஸில் கேமரா, அதற்குள் ஃபார்மேட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று மாற்றிவிட்டால் இனி எடுப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டரிலும் திறக்கும் ஜேபெக் ஆக இருக்கும்.

படத்தில் நம்ம வீடு எங்கே என்பது தெரிந்துவிடும் என்கிறார்களே, நிஜமா?

நிஜம்தான், ஆனால் எப்போதும் இல்லை. கேமராவில் லொகேஷன் போட்டிருந்தால் எடுத்த இடம், நாள், நேரம் எல்லாம் படத்துக்குள் பதிவாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அந்த இட விவரம் கழன்றுவிடும். டாக்குமென்டாக அனுப்பினால் அப்படியே போகும். மேலே தெளிவான படத்துக்கு டாக்குமென்ட் வழி சொன்னேன் அல்லவா, அதனால்தான் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இலையில் பூச்சி என்றால் பரவாயில்லை, தோப்பு எங்கே என்று தெரிந்தால் ஒன்றும் ஆகிவிடாது. வீடு, நகை, தோட்டத்துச் சாளையில் தனியாக இருக்கும் பெரியவர்கள் ஆகிய படங்களில் கவனம் வேண்டும். கேமரா செட்டிங்ஸில் லொகேஷனை நிறுத்திவிட்டால் பிரச்சினையே இல்லை.

ஆதார், பட்டா, பாஸ்புக் படத்தைக் குழுவில் போடலாமா? கேட்கிறார்களே.

போடாதீர்கள். யார் கேட்டாலும் குழுவில் வேண்டாம். தேவைப்படுகிறவருக்குத் தனியாக அனுப்புங்கள். ஆதாரில் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற 'மாஸ்க்டு ஆதார்' ஒன்று ஆதார் தளத்திலேயே கிடைக்கும், பல இடங்களுக்கு அதுவே போதும்.

எண்ணை மறைக்க வேண்டுமென்றால் ஃபோனில் உள்ள ஹைலைட்டர் பேனாவால் தீட்டாதீர்கள். அது அரைகுறையாக ஒளி விடும், வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எண் தெரிந்துவிடும். முழுக் கருப்புக் கட்டத்தை மேலே வையுங்கள். அல்லது அந்த இடத்தையே வெட்டி எடுத்துவிடுங்கள்.

கல்யாணப் பத்திரிகையைப் போடலாம், ஒறம்பரைக்குச் சொல்லத்தானே. ஆயிரம் பேர் இருக்கும் பொதுக்குழுவில் போட்டால் இன்ன தேதியில் வீடு பூட்டியிருக்கும் என்றும் சேர்த்துச் சொன்னதாகும். உங்களுக்கு வரும் பத்திரிகையிலும் ஒன்றைப் பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து வந்து, கோப்பின் பெயர் 'ஏபிகே' என்று முடிந்தால் தொடவே தொடாதீர்கள். அது படமும் இல்லை, பத்திரிகையும் இல்லை, ஃபோனுக்குள் புகும் ஆப். பத்திரிகை ஜேபெக் ஆகவோ பிடிஎஃப் ஆகவோதான் வரும்.

மற்றவர்கள் எடுத்த படத்தை, மற்றவர்கள் இருக்கும் படத்தைப் போடலாமா?

எடுத்தவருக்குத்தான் உரிமை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன்படி எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் இறந்ததற்கு அடுத்த ஆண்டுத் தொடக்கத்திலிருந்து மேலும் 60 ஆண்டுகளுக்கும் புகைப்படத்துக்கு உரிமை உண்டு. ஒருவர் வெயிலில் காத்துக் கிடந்து எடுத்த நஞ்சராயன் குளத்துப் பறவைப் படத்தை, ஓரத்தில் இருக்கும் அவர் பெயரை வெட்டிவிட்டுப் போடுகிறவர்களை நான் உடனே நீக்கிவிடுவேன். பெயரோடு, கேட்டுவிட்டுப் போட்டால் அவரே மகிழ்ச்சியாகக் கொடுப்பார்.

மனிதர்கள் இருக்கும் படத்துக்குக் கேட்பது இன்னும் முக்கியம். களை எடுக்கிற பெண்களைக் கேட்காமல் படம் எடுத்து 'நம் மண்ணின் மணம்' என்று போடுகிறார்கள். அவர்களுக்கும் வீடு இருக்கிறது, ஒறம்பரை இருக்கிறது. பக்கத்து வீட்டுக் குழந்தையின் படத்துக்குப் பெற்றவர்களைக் கேளுங்கள். விபத்தில் அடிபட்டவர் முகத்தைப் போடவே போடாதீர்கள், வீட்டுக்காரர்களுக்குச் செய்தி போவதற்கு முன்னால் குழுவுக்குப் போய்விடும். ஒருவரின் அந்தரங்கமான படத்தைச் சம்மதமில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை கிடைக்கக்கூடிய குற்றம். வந்ததை ஃபார்வர்ட் மட்டும்தான் செய்தேன் என்பது தப்பிக்க வழியாகாது.

அணை திறந்துவிட்டார்கள், பாலம் மூழ்கிவிட்டது என்று படம் வருகிறது. அதைப் போடலாமா?

பவானிசாகர் அணையின் நீர்மட்டம் அதன் முழு அளவான 105 அடியை நெருங்கும் ஒவ்வொரு முறையும் பழைய வெள்ளப் படங்கள் புதிதாகக் கிளம்பும். சில படங்கள் வேறு மாநிலத்துடையவையாகக்கூட இருக்கும். படத்துக்கு மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் பல கை மாறி வந்தது என்று பொருள். கூகுள் லென்ஸில் போட்டுப் பாருங்கள், அதே படம் முன்பே எங்காவது வந்திருந்தால் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். கரையோரத்தில் தெரிந்தவர் இருந்தால் ஒரு ஃபோன் போட்டுக் கேட்பது அதைவிட வேகம். நீங்களே எடுத்தது என்றால் இடம், தேதி, நேரத்தோடு போடுங்கள், அப்படிப்பட்ட படத்துக்குத்தான் மதிப்பு.

ஃபேஸ்புக் குழுவில் போட்டேன், படமே வரவில்லை.

பல குழுக்களில் அட்மின் பார்த்து அனுமதித்த பிறகுதான் படம் வெளியே தெரியும். ஒரு நாள் பொறுங்கள், வரவில்லை என்று அதையே திரும்பத் திரும்பப் போட வேண்டாம். போடுவதற்கு முன் குழுவின் பெயருக்குக் கீழே 'பப்ளிக்' என்று இருக்கிறதா, 'பிரைவேட்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். பப்ளிக் என்றால் குழுவில் இல்லாதவர்களும் பார்க்கலாம். ஃபோன் நம்பரைப் படத்தின் மேலேயே எழுதிப் போடுகிறவர்கள் இதை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.

குழுவில் சேர்ந்ததிலிருந்து ஃபோன் நிரம்பிவிட்டது. எதை அழிப்பது?

வருகிற படமெல்லாம் தானாக இறங்குகிறது, அதுதான் காரணம். வாட்ஸ்அப் செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்பதற்குள் 'மீடியா ஆட்டோ டவுன்லோட்' இருக்கும். அதில் படம், வீடியோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டால் நீங்கள் தொட்டது மட்டும்தான் இறங்கும். அதே இடத்தில் 'மேனேஜ் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்தால் எந்தக் குழு எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பெரியதிலிருந்து சிறியதாகக் காட்டும். மேலே நிற்பது பெரும்பாலும் காலை வணக்கக் குழுவாகத்தான் இருக்கும். அதில் தாராளமாகக் கை வையுங்கள்.

நீங்கள் எடுத்த அசல் படங்களை மட்டும் அழிக்காதீர்கள், முக்கியமாகத் தேதியோடு இருக்கும் தோட்டத்துப் படங்களை. போன வருடம் இதே மாதம் இந்த மரம் எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால் காட்ட அதுதான் இருக்கும். மாதம் ஒருமுறை கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ ஏற்றிவிட்டு, ஏறியதைத் திறந்து பார்த்த பிறகு ஃபோனிலிருந்து நீக்குங்கள்.